பூனையும் உரோம உருண்டையும்



ஐதராபாத்தில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் பாரசீகப் பூனைகள் செல்லமாக வளர்கின்றன. உரோமம் உதிரும் காலத்தில் அவை எக்கி எக்கி, நீண்ட திரளை ஒன்றைக் கக்குவதைக் கண்டிருப்பீர்கள்.

இதற்குக் காரணம் பூனையின் நாவே. அதில் தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் உள்ளன. அவற்றின் நுனி அகப்பை போல் குழிந்தது என 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் விளக்கினர். அம்முட்களில் சிக்கிய உரோமத்தைத் துப்ப இயலாமல் பூனை விழுங்குகிறது. பெரும்பகுதி மலத்தோடு கழியும்; எஞ்சியது இரைப்பையில் திரளும்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. அதன் வேர் பூனையை ஈர்ப்பது மெய்யே. ஆயினும் ஈர்ப்பது வேறு, மருந்தாவது வேறு. அதன் சாற்றைப் புகட்டலாகாது. வலிந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுட் புகுந்து உயிர்க்கே ஊறு செய்யலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பன.

இயற்கை மருத்துவம் எளியது. நாள்தோறும் சீப்பால் வாரிவிடுக. தூய நீர் எப்பொழுதும் வைத்திடுக. இங்குள்ளோர் கும்மடி எனும் பரங்கிக்காயை உப்பின்றி வேகவைத்து, சிறிதளவு உணவிற் கலக்கலாம். மலம் எளிதிற் கழியத் துணைபுரியும்.

எக்கியும் ஒன்றும் வெளிவராது, உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தால் குடல் அடைபட்டிருக்கக்கூடும். அப்பொழுது கைவைத்தியத்தை விடுத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. வாயில்லா உயிரின் நோயில் காலந்தாழ்த்தல் ஆகாது.