கட்டில்கள் எங்கே போயின?
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெகுதூரத்திலிருந்து, சிலர் இரவு ரயிலில் உட்கார இடமில்லாமல்கூட, வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இன்று காலை வார்டுகளைச் சுற்றிக் காண்பித்தபோது ஒரு மூத்த அம்மா எங்களை நிறுத்தி, "எங்க அம்மா காலத்துல பெண்கள் ஐக்கியத்துல பிடியரிசி சேர்த்து வித்து, முதுகுல வியாதிப்பட்ட பிள்ளைகளுக்குன்னு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தாங்களே, அந்தக் கட்டிலெல்லாம் எங்கே?" என்று கேட்டார்கள். பேசுவதற்கு வேறொரு பொருளை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தோம். அதை மடித்து வைத்துவிட்டு இந்தக் கேள்விக்கே பதில் சொல்லலாம் என்று தீர்மானித்தோம். காணிக்கை கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பது நியாயம்தானே.

முதலாவது வியாதியைக் குறித்துச் சில வார்த்தைகள். காசநோய் என்றால் இருமலும் நெஞ்சுச்சளியும்தான் நம் மனதுக்கு வருகிறது. அதே கிருமி இரத்தத்தோடு போய் எலும்பிலும் தங்கும். எலும்பில் தங்கும்போது முதுகெலும்பைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது. 1779ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதியபடியால் இன்றும் மருத்துவர்கள் பாட் வியாதி என்பார்கள். அடுக்கி வைத்த முள்ளெலும்புகளின் முன்பாகம் அரித்துப் போகும். பாரம் தாங்காமல் அவை முன்பக்கமாகச் சரியும், முதுகில் கூன் விழும். சீழ் கட்டும். சீழோ சரிந்த எலும்போ தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் செயலற்றுப் போகும். பிள்ளைகளுக்கு வந்தால் இன்னும் துக்கம், ஏனெனில் அவர்கள் வளர வளரக் கூனும் வளரக்கூடும்.

மருந்து இல்லாத காலத்தில் செய்யக்கூடியதெல்லாம் அசையாமல் படுக்க வைப்பதுதான். மாதக்கணக்கில் அல்ல, சிலருக்கு வருஷக்கணக்கில். நெஞ்சிலிருந்து இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. சரிந்த எலும்பு மேலும் சரியாமல் இருக்க முதுகுக்கு ஓய்வு வேண்டும் என்பது கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். மருந்தும், 1952ல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்தன. மருந்து வந்த பின்பும் எங்களைப் போன்றவர்கள் கட்டிலையும் மாவுக்கட்டையும் விடவில்லை. மருந்தும் கொடுத்தோம், படுக்கவும் வைத்தோம். பிள்ளைகள் குணமானார்கள், அது மெய். ஆனால் எதினால் குணமானார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இதை உங்களுக்கு முன்பாக ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு வருஷம் கூரையைப் பார்த்துப் படுக்கவைப்பது லேசான காரியமல்ல. கட்டுக்குள் வேர்த்து அரிக்கும், பள்ளிப்படிப்பு நின்றுபோகும். தகப்பன் பார்க்க வந்தால் அன்றைய கூலி போகும்.

அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் முன்னோடிகள் நம்முடைய சென்னையிலேயே இருந்தார்கள். 1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் தோள் கொடுத்தன. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது நுரையீரல் காசநோய். ஒரே மருந்தைச் சிலருக்குச் சானடோரியத்திலும், சிலருக்கு நெருக்கமான அவர்களுடைய சொந்த வீட்டிலும் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் முட்டையும் பாலும் குறைவாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதினால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959ல் இது அச்சில் வந்தபோது உலகமெங்கும் சானடோரியங்களின் அவசியமே கேள்விக்குள்ளானது.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்று எப்படித் தீர்மானித்தார்கள்? குலுக்கல் முறையில்தான். இதைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. வியாதிப்பட்ட பிள்ளையைக் குலுக்கலுக்கு விடுவதா என்று நாங்களும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் மருத்துவர் தன் மனதின்படி தெரிந்துகொண்டால் என்ன நடக்கும்? பெலனுள்ளவனை ஒரு பக்கமும் பெலவீனனை மறுபக்கமும் அறியாமலே தள்ளிவிடுவார். பிறகு எந்தச் சிகிச்சை நல்லது என்று ஒருக்காலும் தெரியவராது. இரண்டில் எது மேலானது என்று உண்மையாகவே தெரியாதபோது, தெரிந்தவர்போல நடந்துகொள்வதைவிடக் குலுக்கல் நேர்மையானது. எந்தப் பிரிவிலிருந்தாலும் நோய் மோசமானவர்களுக்கு வேண்டிய கூடுதல் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது.

இதே முறையை முதுகெலும்புக்கும் கொண்டுபோனார்கள். 1960களில் கொரியாவின் மாசான் பட்டணத்தில் ஒரு பிரிவினர் ஆறு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார்கள். மற்றப் பிரிவினர் முதல் நாளிலிருந்தே வீட்டில் நடமாடினார்கள். பூசான் பட்டணத்தில் ஒரு பிரிவினருக்கு ஒன்பது மாதம் மாவுக்கட்டு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மாத்திரை எல்லாருக்கும் 18 மாதம். பெரும்பாலும் பிள்ளைகளும் வாலிபருமே. 1973லும், ஐந்து வருஷ முடிவு 1976லும் வெளியாயின. படுக்கையினால் அதிக நன்மை இல்லை, மாவுக்கட்டினாலும் இல்லை. நடமாடின பிள்ளைகள் படுத்திருந்த பிள்ளைகளைப் போலவே குணமடைந்தார்கள்.

அம்மா, உங்கள் தாயார் வாங்கிக் கொடுத்த கட்டில் அங்கேதான் போயிற்று.

அப்படியானால் கத்தி? ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மார்பைத் திறந்து, முன்பக்கத்திலிருந்து அரித்த எலும்பை முழுவதும் எடுத்துவிட்டு, விலா எலும்பு போன்றவற்றை ஒட்டாக வைக்கும் பெரிய அறுவையை 1950களில் செய்துகாட்டினார்கள். அருமையான கைவேலை. ஆனால் திறமையுள்ள அறுவை மருத்துவர், மயக்க மருந்து, இரத்தம், இவையெல்லாம் இருக்கிற இடத்தில் மாத்திரமே அது கூடும். நம்முடைய ஜனங்களில் எத்தனை பேருக்கு அது எட்டும்? ஆகவே 1970களில் சென்னை ஆராய்ச்சி நிலையம் மறுபடியும் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளை வைத்தது. முதல் பிரிவுக்கு அந்தப் பெரிய அறுவையோடு ஆறு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகள். இரண்டாம் பிரிவுக்கு அறுவை இல்லாமல் அதே மாத்திரைகள் ஆறு மாதம். மூன்றாம் பிரிவுக்கு ஒன்பது மாதம். நடக்கக்கூடாதபடி கால் செயலிழந்தவர்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். முதல் நாளே சொல்லிவிட்டால் பயமில்லை. மாத்திரையை மெய்யாகவே விழுங்குகிறார்களா என்று பார்க்கிறதற்கும் அந்த நிறம் உதவும்.

பத்து வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். இதுதான் எங்களுக்கு மிகவும் ஆச்சரியமான பாகம். சென்னையில் வாடகை வீட்டுக்காரர் ஒருவரைப் பத்து மாதம் கழித்துத் தேடிப்பாருங்கள், அப்போது புரியும். முடிவு 1999ல் வெளியானது. நோய் அடங்கி, சீழ் வற்றி, வேலைவெட்டி செய்யக்கூடியவர்களாக இருந்தோர், அறுவைப் பிரிவில் 100க்கு 90 பேர். ஆறு மாத மாத்திரைப் பிரிவில் 94 பேர், ஒன்பது மாதப் பிரிவில் 99 பேர். மார்பைத் திறக்காதவர்கள் திறந்தவர்களுக்குக் கொஞ்சமும் பின்தங்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் நாங்கள் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். கிருமி சாகிறது வேறு, முதுகு நேராக இருப்பது வேறு. கோயம்புத்தூரின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 61 பிள்ளைகளை 15 வருஷம் கவனித்து 2001ல் எழுதினார். நோய் குணமான பின்பும் வளருகிற வயதில், அவர்களில் 100க்கு 39 பேருக்குக் கூன் கூடிக்கொண்டே போயிற்று. 44 பேருக்கு அது தானாகவே குறைந்தது. 17 பேருக்கு மாற்றமில்லை. அந்த 39 பேரை முன்கூட்டியே அறிவது எப்படி? முதுகெலும்பின் பின்பக்க மூட்டு விலகுதல், எலும்பு பின்னாகத் தள்ளப்படுதல், பக்கவாட்டில் நகருதல், மேலெலும்பு கவிழுதல் என்று எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு அடையாளங்களை அவர் எடுத்துக்காட்டினார். அவற்றில் இரண்டுக்கு மேல் காணப்பட்டால் அந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது, காலத்தோடே அறுவை வேண்டும். கத்தி வேண்டாம் என்று ஆராய்ச்சி சொல்லவில்லை. இன்னாருக்கு வேண்டும், இன்னாருக்கு வேண்டாம் என்று பிரித்துக் காட்டியது. வாரணாசியில் எஸ். எம். துலி 1975ல் வகுத்த "நடுவழி" முறையும் இதுவே: மருந்து எல்லாருக்கும், அறுவை தேவையானவருக்கு மாத்திரம். கால் செயலிழந்து மருந்துக்கு இணங்காதவர்களுக்கு இன்றைக்கும் அறுவைதான் கைகொடுக்கிறது.

மருந்துக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் ஆறும் ஒன்பதும் மாதங்கள் போதுமாயிருந்தன. ஆனாலும் 2016ல் வந்த இந்திய வழிகாட்டுதல் எலும்புக் காசநோய்க்குக் குறைந்தது 12 மாதம் கொடுக்கச் சொல்லுகிறது. எலும்புக்குள் கிருமி செத்துவிட்டதா என்று நிச்சயமாய்ச் சொல்ல இன்னும் எளிய சோதனை இல்லாததால் இந்த ஜாக்கிரதை. குறைக்கலாமா என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய காரியமே. ஆறு மாதம் கூடுதலாக மாத்திரை விழுங்குவது கல்லீரலுக்கும் கைப்பணத்துக்கும் பாரம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இப்போது கணக்குக்கு வருகிறோம். கட்டிலில் கொடுத்தவரின் பெயரை எழுதி வைக்கலாம். மாவுக்கட்டோடு படுத்திருக்கிற பிள்ளையின் படத்தை இந்தப் பத்திரிகையில் போட்டால் காணிக்கை வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். வீட்டில் மாத்திரை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படம் எடுத்தால் அது மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும், பார்த்து யாரும் மணியார்டர் அனுப்புவதில்லை. மாத்திரை அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கும் உங்களிடம் கேட்கமாட்டோம்.

நாங்கள் கேட்பது இது. குணமான பிள்ளை வளர்ந்து முடிகிறவரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேக்கு வரவேண்டும். நோவில்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் எதற்காகக் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள்? வருவதில்லை. கூன் நன்றாக வெளியே தெரிந்த பின்புதான் வருகிறார்கள், அப்போது அறுவை கடினமும் ஆபத்துமானது. ஆகவே இந்த வருஷத்துக் காணிக்கையைப் பஸ் கட்டணத்துக்கும், அந்தத் தாயின் ஒருநாள் கூலிக்கும், வராதவர்களை வீடுதேடிப் போகிற இரண்டு ஊழியர்களின் சம்பளத்துக்கும், எக்ஸ்ரே படச் செலவுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். பெயர்ப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பதிவேட்டை, பெயர்களை மறைத்து, உங்களுக்குக் காண்பிக்கிறோம். யார் யார் வந்தார்கள், யார் யார் தவறிப்போனார்கள் என்று நீங்களே பார்த்துக் கேளுங்கள்.