இரு வாயில் இல்லம்

புதுச்சேரி நகரின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலை அடுத்துப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. இத்தகைய ஊரில் வழி தவறுவது அரிது. ஆயினும், முன்னும் பின்னும் வாயில் உள்ள ஒரு வீட்டிலிருந்து புறப்படும் ஏவலாள், எந்த வாயிலால் வெளியேறுவது என்று அறியானாயின், நேரான தெருவும் அவனுக்கு உதவாது. இரண்டு வலையட்டைகள் பொருத்திய கணினியின் நிலையும் இதுவே.

வலையில் செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அது சேரவேண்டிய முகவரி எண் இருக்கும். பொதியை அனுப்புமுன் கணினி தன்னிடமுள்ள வழிப்பட்டியலைப் பார்க்கிறது. அவ்விடத்திற்கெனத் தனிவழி எழுதப்பட்டிருந்தால் அதனையே கொள்கிறது. இல்லையேல், 'மற்றவை எல்லாம் இவ்வழி' என்னும் பொதுவழியில் விடுகிறது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவர் செய்வதும் இதுதான். காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய மூன்றும் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவையே. எனினும் காரைக்கால் மடல் தெற்கே போகும். ஏனாம் மடல் வடக்கே கோதாவரிக் கரைக்குப் போகும். மாகி மடல் மேற்குக் கடற்கரைக்குப் போகும். ஆட்சி ஒன்று என்பதால் வழியும் ஒன்றாகிவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நான் கண்டதைக் கூறுகிறேன். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை இணையத்தின் வழியே அனுப்ப அன்றே கடைசி நாள். விண்ணப்பம் எழுதும் கணினியில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று கல்லூரியின் உள்வலையில் சேர்ந்தது. அதன் எண் 192.168.10.5. மற்றொன்று வெளி இணையத்திற்கு வழிவிடும் கருவியோடு சேர்ந்தது. அக்கருவியின் எண் 192.168.1.1. மாணவரின் சான்றுகளோ அடுத்த கட்டடத்து அலுவலகக் கணினியில் இருந்தன. அதன் எண் 192.168.20.8. காலைமுதல் சான்றுகள் வந்தன. ஆனால் இணையம் திறக்கவில்லை. உள்வலைக் கம்பியைப் பிடுங்கினால் இணையம் திறந்தது, சான்றுகள் வரவில்லை. வாயிலில் மாணவர்கள் வரிசையாய் நின்றனர். முந்தின நாள்வரை இணையம் ஒழுங்காகத் திறந்தது என்றும், கணினியை யாரும் தொடவில்லை என்றும் அங்கிருந்தோர் கூறினர்.

இத்தகைய வேளையில் பதற்றம் உதவாது; ஆய்வுமுறையே உதவும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கர் மைக் மூஸ் என்பார் 'பிங்' என்னும் சிறு கருவியை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலை எதிரொலியால் அறிவதுபோல, இதுவும் குரல் கொடுத்து மறுகுரல் கேட்கும். முதலில் உள்வலையின் வாயிற்கருவியாகிய 192.168.10.1ஐ அழைத்தோம், மறுமொழி வந்தது. அடுத்து 192.168.1.1ஐ அழைத்தோம், அதுவும் பதில் தந்தது. ஆகவே அட்டைகளும் கம்பிகளும் பழுதற்றவை எனத் தெளிந்தோம். பின்னர் வெளி உலக முகவரி ஒன்றைப் பெயரால் அன்றி எண்ணாலேயே அழைத்தோம், பதில் இல்லை. பெயரை எண்ணாக மாற்றும் பணியில் மட்டும் குற்றமிருந்தால், எண்ணுக்குப் பதில் வந்திருக்கும் அன்றோ? எனவே பிழை பெயரில் இல்லை, வழியில் இருந்தது.

பொதி கடந்து செல்லும் நிலையங்களை வரிசையாகக் காட்டும் 'டிரேஸ்ரூட்' என்னும் கருவியை அடுத்து இயக்கினோம். முதல் வரியில் 192.168.10.1 என வந்தது. அதற்குக் கீழே வெறும் உடுக்குறிகள். வெளியே செல்லவேண்டிய பொதி உள்வலை வாயிலுக்குச் சென்று, அதற்கப்பால் வழியின்றி மடிந்தது. வழிப்பட்டியலைத் திறந்தபோது காரணம் விளங்கிற்று. பொதுவழி ஒன்றாக இல்லை. இரண்டு அட்டைகளுக்கும் ஒவ்வொன்று எழுதப்பட்டிருந்தது!

அப்படியாயின் முந்தின நாள்வரை இணையம் எவ்வாறு திறந்தது? இரு பொதுவழிகள் இருப்பின், செலவெண் குறைந்த வழியையே கணினி தேர்கிறது. அந்தக் கணினியின் இயங்குதளம் வேகம் மிகுந்த இணைப்புக்குக் குறைந்த செலவெண்ணைத் தானாகவே இடும். முந்தின நாள் மாலை உள்வலையின் பழைய இணைப்புப் பெட்டியை எடுத்துவிட்டு, வேகம் மிக்க புதியதொன்றை வைத்திருந்தனர். அதனால் உள்வலை முந்திக்கொண்டது. கணினியை யாரும் தொடவில்லை என்பது உண்மையே. அதனோடு இணைந்த உலகம் மாறியிருந்தது. நெடுநாள் உறங்கிய பிழை அந்த மாற்றத்தால் விழித்துக்கொண்டது.

உள் அட்டையில் எழுதியிருந்த பொதுவழியை நீக்கினோம். இணையம் உடனே திறந்தது. ஆனால் இப்போது சான்றுகள் வரவில்லை! 192.168.20.8க்கு உரிய பொதிகளும் பொதுவழியாகிய வெளிவாயிலை நாடிச் சென்றன. ஆகவே, '192.168.20 என்று தொடங்கும் எண்களுக்கு 192.168.10.1 வழியே செல்க' என்று ஒரு தனிவழி எழுதினோம். இரண்டும் இயங்கின. அத்தனிவழியை நிலையானதாகவும் பதிந்து வைத்தோம். அல்லாவிடில் கணினியை அணைத்து ஏற்றும்போது அது மறைந்துவிடும். மாலைக்குள் வரிசையில் நின்றோர் அனைவரின் விண்ணப்பங்களும் சென்று சேர்ந்தன.

மாணவ அன்பர்களே, இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பொதுவழி ஒன்றே இருக்கட்டும். மற்றவற்றுக்குத் தனிவழி எழுதுக. அருகிலிருந்து தொலைவு நோக்கி, ஒவ்வோர் அடியாகச் சோதித்துச் செல்க. 'நேற்று நன்றாக இருந்ததே' என்று எவரேனும் கூறினால், 'நேற்றுக்கும் இன்றுக்கும் இடையே மாறியது யாது?' என்று கேளுங்கள். கணினிக்கு மட்டுமன்று, காரணம் தேடும் எல்லா முயற்சிக்கும் அக்கேள்வி பயன்படும்.