மணற்காட்டில் தனிநடை

மணல் பரந்த இடத்திற்கும் காடு என்ற பெயர் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே கடலோரமாக அமைந்துள்ள மணற்காடு அத்தகையது. பாலைநிலத்துப் பள்ளத்தாக்குகளிலே கூட்டத்தை விட்டு விலகித் தனியே நடப்பதில் இன்பங் காண்போர் உலகிற் பலர். அவர்கள் தேடிச் செல்லும் அமைதி இக்கரையிலும் உண்டு.

யாழ்பாடி ஒருவன் அரசனிடம் பரிசிலாகப் பெற்ற மணல்நிலமே பின்னர் யாழ்ப்பாணமாயிற்று என்பது வழிவழி வந்த கதை. மணற்றி என்பது இந்நாட்டின் பழம்பெயர்களுள் ஒன்று. அப்பெயரின் பொருத்தத்தை மணற்காட்டிலே கண்ணாரக் காணலாம்.

ஆயினும் இது பாலைவனமன்று. குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. மேடுகளை ஆக்கியது வறட்சியன்று, காற்றே. அலை ஒதுக்கிய மணல் வெயிலில் உலர, காற்று அதனை உருட்டிச் செல்கின்றது. செடிகொடிகள் தடுக்குமிடத்தில் அது குவிகின்றது. காற்று வரும் பக்கம் மென்சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் அமையும். மணலிடையே நிற்கும் பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிந்த சுவர்கள் காற்றின் ஆற்றலுக்குச் சான்று.

தனியே நடப்பவர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். வெயில் ஏறுமுன் புறப்படுவதும், போதிய நீர் கொண்டு செல்வதும், செல்லும் திசையை ஊரவரிடம் சொல்லி வைப்பதும் முதலாவன. காலடிச் சுவட்டை நம்பித் திரும்ப இயலாது. காற்று அதனை அழித்துவிடும். கடலோசையே வழிகாட்டி. தென்கிழக்கு நோக்கிச் செல்வோருக்குக் கடல் இடப்புறம் இருக்கும். இன்னும் தெற்கேயுள்ள நாகர்கோவிற் பகுதி, 2009இல் முடிந்த போரின் முன்னரங்காக இருந்தது. எனவே அப்பக்கம் செல்வோர் ஊரவரைக் கேளாமல் பாதையை விட்டு விலகலாகாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அப்பால் அடியெடுத்து வைக்கவே கூடாது.

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பது பழமொழி. அதன் உண்மையை இங்கு காணலாம். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடி மணலைப் பிணித்து நிற்கின்றன. அவற்றை மிதித்துச் சிதைப்பது மேட்டின் கட்டை அவிழ்ப்பதாகும்.

அந்த மேடு காட்சிப் பொருள் மட்டுமன்று. வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டிலே, மணலில் ஊறிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நன்னீராய்த் தங்குகின்றது. கரையோரக் கிணறுகளுக்கு அதுவே ஊற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அத்தகைய வேளையில் உயர்ந்த மணல்மேடே ஊருக்கு இயற்கை அரண். ஆனால், கட்டட வேலைக்கென அனுமதியின்றி மணலை அள்ளிச் செல்வதும் இப்பகுதியில் நிகழ்ந்து வருகின்றது. பல தலைமுறையாகக் காற்றுக் குவித்த மேட்டைச் சில நாளில் லொறிகள் கரைத்துவிடும். மேடு தாழ்ந்தால் அலைக்குத் தடை குறையும், நன்னீரும் குறையும், உவர் கிணற்றிற் புகும்.

ஆதலால், தனிமை நாடி இங்கு வருபவர் தாம் நடக்கும் நிலம் ஓர் ஊரின் குடிநீரையும் காவலையும் தாங்குவது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். கொண்டு வந்த பொருள்களைத் திரும்பக் கொண்டு செல்வதும், கொடியை மிதியாது நடப்பதும் எளிய செயல்களே. மணல் அள்ளப்படுவதைக் கண்டால் ஊரவருக்கும் அதிகாரிகளுக்கும் அறிவிப்பதும் அவர் கடமையாகும்.