கோடை விடுமுறையில் பிள்ளை யார் பொறுப்பு?



பங்குனி முடியப் போகிறது. முழுப்பரீட்சை வந்துவிட்டது. இன்னும் சில நாளில் புத்தகப் பையைத் திண்ணையில் வீசிவிட்டு, "லீவு விட்டாச்சு!" என்று கூவிக்கொண்டு பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடுவார்கள். அப்புறம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறவரை அவர்கள் பகல் முழுக்க நம்முடைய பொறுப்பு. மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிடும்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். லீவு நாளில், பகல் பதினொரு மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான்? யோசிக்காமல் பதில் சொல்ல முடிகிறதா?

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் வேண்டாம், உங்கள் வீடாகவே இருக்கலாம். பெரிய பெண் எட்டாவது, நடுவன் ஐந்தாவது, சின்னவன் இரண்டாவது. காலையில் எழுந்ததும் அம்மா கடலை ஆயப் போய்விட்டாள், அல்லது உளுந்து பிடுங்கப் போய்விட்டாள். அய்யா டீக்கடைப் பக்கம் போயிருக்கிறார். வெயில் ஏறுகிறது. அம்மா வீட்டுக்கு வருகிறாள், அய்யாவும் வருகிறார்.

"நடுவன் எங்கேம்மா?"

"உங்ககூடத்தானே வந்தான்னு நெனச்சேங்க!"

"என்கூட எங்கே வந்தான்? உன்கூட வயலுக்கு வந்துட்டான்னுல்ல இருந்தேன்."

இவர் அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தார், அவள் இவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தாள். அந்த நேரத்தில் நடுவன் நாலு பையன்களோடு குளத்தில் இருக்கிறான். எல்லா நாளும் கெட்டதே நடந்துவிடாது, ஈரத் தலையோடு வந்து அடி வாங்கிக்கொள்வான். ஆனால் ஒரு நாள் அவன் வராமல் போனால் என்ன செய்வது?

நம் டெல்டாவில் கோடைக்குளம் ஏன் பொல்லாதது என்று பார்ப்போம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மூடுகிறார்கள், ஜூன் 12ஆம் தேதி திறக்கிறார்கள். நடுவில் நம்முடைய புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மணலாகக் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் இல்லாதபோது பிள்ளைகள் தண்ணீரைத் தேடிக் குளத்துக்குத்தான் போவார்கள். குளமும் வற்றியிருக்கும். "முழங்கால் தண்ணிதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம். தூர் வாரியபோதும் மண் அள்ளியபோதும் தோண்டிய பள்ளம் அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துபோன பிள்ளை அடுத்த அடியில் தலைக்குமேல் தண்ணீரில் நிற்பான். சேறும் காலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆற்று மணலில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். தண்ணீர் ஜூனில்தான் வரும் என்று உறுதியாக இருக்க முடியாது. 2022ஆம் ஆண்டு மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அப்போது பள்ளிக்கூடம் லீவு. பயிருக்கு நல்ல சேதிதான், ஆற்றுக்குள் பந்து விளையாடும் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் திறப்பு அறிவிப்பு காதில் விழுந்தால், நாற்றங்காலை நினைக்கும்போதே பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. லீவுக்குப் பிள்ளையை அம்மாச்சி ஊருக்கோ அப்பாயி ஊருக்கோ அனுப்புகிறோம். உள்ளூர்ப் பிள்ளைக்கு எந்தப் படித்துறை வழுக்கும், எந்த மூலையில் பள்ளம் என்று தெரியும். விருந்துக்குப் போன பிள்ளைக்குத் தெரியாது. அங்கே அம்மாச்சிக்கு வயது எழுபது, அவள் ஓடிப்போய்ப் பிடிக்க முடியுமா? ஆகவே அனுப்பும்போது பலகாரத்தோடு ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்புங்கள்: மாமனோ சித்தப்பாவோ கூட வராமல் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. இதைப் பிள்ளையிடம் மட்டும் சொன்னால் போதாது, மாமனிடமும் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டுமா? வேண்டாம். கட்டிப்போட்டாலும் நிற்க மாட்டான். நீந்தக் கற்றுக்கொடுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும், தண்ணீரில் எச்சரிக்கையாக இருக்கும் பழக்கமும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் தகப்பன்மார் இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றால் இணைத்து இடுப்பில் கட்டி நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா? அதே மாதிரி, ஆழம் தெரிந்த இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நின்றுகொண்டு, சாயங்காலம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தண்ணீர் ஆண் பெண் பார்ப்பதில்லை.

யாராவது தத்தளித்தால் பிள்ளைகள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவனைத் தூக்கப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். கரையில் நின்று கத்த வேண்டும். சேலை, வேட்டி, தென்னை மட்டை, மூங்கில் கழி, எது கிடைத்தாலும் நீட்டலாம். காலி பிளாஸ்டிக் குடம் இருந்தால் வீசலாம், அது மிதக்கும். தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், அதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சின் நடுவில் விட்டு விட்டு வேகமாக அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

இப்போது சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம் மூடினால் கூடவே இன்னொன்றும் மூடுகிறது, அது சத்துணவு அடுப்பு. காமராஜர் காலத்தில் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஆக, தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு, வாரத்தில் ஐந்து முட்டை. ஐந்து வாரம் லீவு என்றால் 25 முட்டை குறைகிறது! வீட்டில் அதை யார் ஈடுகட்டுகிறோம்? காலையில் பழையது, மத்தியானம் சோறும் ஒரு குழம்பும், இடையில் கடையில் வாங்கிய பாக்கெட்டு. பழையதைக் குறை சொல்லவில்லை. மோர் ஊற்றிய பழையதைப் போல வெயிலுக்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் வளருகிற பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

மீன் வாங்கலாமே என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த நாளில் மல்லிப்பட்டினம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அதனால் என்ன, குளத்துக் கெண்டை இருக்கிறது. களத்தில் உளுந்து இருக்கிறது, ஆய்ந்த கடலை இருக்கிறது. கடலையை அவித்துக் கொடுங்கள், உளுந்தைக் களி கிண்டிக் கொடுங்கள். கொல்லையில் முருங்கைக் கீரை சும்மா நிற்கிறது. வீட்டுக் கோழி இட்ட முட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகிற தாய்மார்களே, இந்த ஐந்து வாரம் மட்டுமாவது அதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.

கோடையில் பேதி வருவது சகஜம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். தொட்டித் தண்ணீர் குறைந்து, குடத்தில் நாள் கணக்கில் பிடித்துவைத்து, அதில் எல்லாருடைய கையும் பட்டுத்தான் அது வருகிறது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மூடிவைத்து, கைபடாமல் மொண்டு குடிக்கப் பழக்குங்கள். வண்டியில் வருகிற குச்சி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று அதை விற்கிறவருக்கே தெரியாது. நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் இளநீரும் கிடைக்கிற ஊரில் அதற்கு என்ன அவசியம்?

பேதி கண்டால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவை பேதி போனதும் அரைத் தம்ளர் முதல் ஒரு தம்ளர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோற்றை நிறுத்திப் பட்டினி போடாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையாக இருந்தால் செவிலியர் கொடுக்கிற ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும், ரத்தம் கலந்து போனாலும், பிள்ளை துவண்டு படுத்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலில் விளையாடிய பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

பெரிய பெண்ணை மறந்துவிட்டோமே! லீவு விட்டதும் வீட்டில் முதலில் மாறுவது அவள்தான். தண்ணீர் எடுப்பது, சோறு பொங்குவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில் வந்து விழுகிறது. பதின்மூன்று வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பிப் போகிறோம். அவளும் பிள்ளைதானே, அவளைப் பார்த்துக்கொள்வது யார்? அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சித்திரை, வைகாசி கல்யாண மாதம். சொந்தக்காரர்கள் வருவார்கள். "நல்ல இடம், அவங்களே வந்து கேக்குறாங்க, மேல படிச்சு என்ன ஆகப்போவுது" என்பார்கள். பத்தாவது எழுதிய பெண்ணுக்கு ரிசல்ட் வருமுன் தட்டு மாற்றுகிற வீடும் இருக்கிறது. 18 வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், செய்துவைத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். வளர்ந்து முடியாத உடம்பில் கர்ப்பம் தங்கினால் ரத்தசோகை, பிரசவத்தில் சிக்கல், எடை குறைந்த குழந்தை. தாய்மார்களே, உங்களில் சிலருக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படி ஒரு பேச்சு நடப்பது தெரிந்தால் 1098க்குப் போன் செய்யலாம், செலவில்லை.

இதையெல்லாம் அம்மா ஒருத்தியால் செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் குடும்பத் தலைவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுகிறேன். சம்பா அறுத்தாயிற்று, ஆறு மூடியாயிற்று. போர் போட்டுக் கோடைப் பயிர் வைத்தவரையும் தோப்பு வேலை உள்ளவரையும் தவிர மற்றவருக்கு இந்த இரண்டு மாதம் வேலை குறைவுதான். ராத்திரிச் சோறு முடிந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள்: நாளைக்குப் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை பிள்ளைகள் யார் பார்வையில்? நீயா, நானா? "ரெண்டு பேரும் பாத்துப்போம்" என்பது பதில் இல்லை. இன்றைக்கு இன்னார் என்று இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து நாலு வீடு சேர்ந்து முறை வைத்துக்கொண்டால் இன்னும் லேசு. புளியமரத்தடியில் ஒரு பெரியவர் கட்டில் போட்டு உட்கார்ந்தால் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்.

பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்த தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்ப நல அறுவைச் சிகிச்சை என்றதும் எல்லா வீட்டிலும் பெண்ணைத்தான் கை காட்டுகிறோம். அவள் அறுவை செய்துகொண்டால் ஒன்றிரண்டு வாரம் குடம் தூக்கக் கூடாது, பாரம் சுமக்கக் கூடாது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற கோடையில் அது எப்படி நடக்கும்? ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடையில் கத்தி வைத்துக் கிழிப்பதில்லை, தையலும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு இருபது நிமிடத்துக்குள் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் கனமான வேலை வேண்டாம், ஒரு வாரம் சைக்கிள் வேண்டாம், அவ்வளவுதான். பலம் குறைந்துவிடும், ஆண்மை போய்விடும் என்று டீக்கடையில் பேசுவதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆண் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும், செய்த அன்றே பலன் வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறையோ வேறு சாதனமோ பயன்படுத்தி, அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து டாக்டர் சொன்ன பிறகே அதை நிறுத்த வேண்டும். சித்திரையில் செய்துகொண்டவர் ஆடி மாதம் பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும்.