விளையாட்டு யாருக்கு? கடன் யாருக்கு?



ஒரு பட்டணத்தில் உலகப் பந்தயம் நடக்கப் போகிறதென்றால் அந்தப் பட்டணத்தார் மனதில் என்ன இருக்கும் என்பதைப் பற்றி இன்று சிறிது பேசலாமென்று எண்ணுகிறோம். பெருமை இருக்கும் என்பீர்கள். அதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. நாலு தேசத்தார் தம் ஊரைத் தேடி வருவது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டல்லவா? அந்த விலையைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்களா என்பதுதான் நமது கேள்வி.

நம் கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். மாலையும் மரியாதையும் இரண்டொருவருக்கு. வரி மாத்திரம் குடிசைக்காரனுக்கும் சேர்த்து. பெரிய பட்டணங்களிலும் இந்தக் கதைதான் நடக்கிறது.

1970-ம் வருஷம் மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் கூடிய ஒலிம்பிக் கமிட்டியார், 1976-ம் வருஷத்துக் கோடைப் பந்தயத்தைக் கனடாவின் மான்ட்ரியலுக்கும், குளிர்காலப் பந்தயத்தை அமெரிக்காவின் டென்வருக்கும் கொடுத்தார்கள். ஒரே கூட்டத்தில் கொடுத்த வரம் இரண்டும். பிறகு நடந்ததோ வேறு வேறு.

மான்ட்ரியல் மேயர் ழான் டிராப்போ, ஆண்பிள்ளை பிள்ளை பெற்றாலல்லவோ ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும் என்கிற பாவனையில் பேசினார். நடந்ததென்ன? செலவு, மதிப்புப் போட்டதைப் போல் பல மடங்கு ஏறிற்று. 1975 கடைசியில் மாகாண சர்க்காரே வேலையைக் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. பந்தயம் துவங்கிய தினத்தில்கூட மைதானத்தின் கோபுரம் அரைகுறையாய் நின்றது. அது முடிய 1987 ஆயிற்று. நாடியா கோமனேச்சி என்ற 14 வயதுச் சிறுமி அங்கே பத்துக்குப் பத்து வாங்கியதைக் கண்டு ஜனங்கள் கை தட்டியது வாஸ்தவம். தட்டிய கைதான் 30 வருஷம் கடனும் கட்டிற்று! புகையிலைக்கு வரி போட்டு வசூலித்து, 2006-ம் வருஷந்தான் கடன் தீர்ந்தது. பந்தயத்தின்போது பிறந்திராதவனும் அந்த வரியைக் கொடுத்தான். வட்டமான அந்த மைதானத்துக்குப் 'பெருங்கடன்' என்று பொருள்படும் கேலிப் பெயரை ஊராரே வைத்தார்கள். பெருமை கடைசியில் அப்படி முடிந்தது.

டென்வரில் என்ன செய்தார்கள்? செலவு எவ்வளவு, மலையும் காடும் என்னாகும் என்று சிலர் கேட்டார்கள். "ஊருக்கு வந்த சீரைக் கெடுக்கிறார்கள்" என்பவர்களுக்குப் பயந்து அவர்கள் வாய் மூடவில்லை. கையெழுத்துச் சேர்த்து விஷயத்தை ஓட்டுக்கு விடச் செய்தார்கள். 1972 நவம்பரில், கொலராடோ மாகாண வாக்காளரில் நூற்றுக்குச் சுமார் 60 பேர், சர்க்கார் பணம் இதற்குக் கூடாதென்று தீர்ப்பளித்தார்கள். பந்தயம் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்குக்குப் போயிற்று. டென்வர் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அப்படியானால் பந்தயமே வேண்டாமா என்பீர்கள். அப்படியல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தார், திரும்பி வராத செலவு எதற்கும் பட்டணத்துப் பணத்தைத் தொடக்கூடாதென்று 1978-ல் ஓட்டுப் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள். 1984-ல் பந்தயமும் நடந்தது. பழைய மைதானமே போதுமானதாயிருந்தது. 20 கோடி டாலருக்கு மேல் மிச்சமும் ஆயிற்று. கணக்குக் கேட்டதால் விளையாட்டுக் கெட்டுப்போகவில்லை.

ஆகவே தோழர்களே! நம் ஊருக்குப் பெருமை வருகிறதென்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன், இது எவ்வளவு, யார் கொடுப்பது, குறைந்தால் யார் தலையில் விழும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சரியாயிருந்தால் நாமும் சேர்ந்து கை தட்டுவோம். கேட்பதே தப்பென்று சொன்னால், விலை நம் தலையில்தான் என்பதை அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.