படத்தின் பின்புறம் ஒரு வரி

(நூற்றாண்டு விழாவையொட்டி வரிப்பத்தான்சேனையில் நடந்த ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நம் நாட்டின் பழைய இடங்களைப் படம் பிடிப்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். இப்போது எல்லார் கையிலும் கமரா உள்ள போன் இருக்கிறது. நாம் எடுக்கும் படம் நாளைக்கு யாருக்கு உதவும் என்பதுதான் என் பேச்சு.

1870, 1871ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் அரசாங்கத்துக்காக அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களைப் படம் பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். இத்தனையும் காட்டுக்குள் சுமந்து போனார்கள். தொல்பொருள் ஆய்வுப் பணி முறையாகத் தொடங்கியது 1890இல்தான். காடு வெட்டுவதற்கும் கட்டடங்களைத் திருத்துவதற்கும் முன்பு அந்த இடங்கள் எப்படிக் கிடந்தன என்பதை அவருடைய படங்களில் இன்றும் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நம்மில் பலர் பார்த்த தீகவாபி, பெரியதொரு செங்கல் மேடு. 2020இல் அதன் புனரமைப்பு வேலை தொடங்கியது. அந்தப் பழைய மேட்டின் தோற்றம் இனிப் படங்களில்தான். உங்கள் அல்பத்தில் வெள்ளைச் சீருடையோடு வரிசையாய் நிற்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

அல்பம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் உயிர்களோடும் வீடுகளோடும் படங்களும் போயின. ஒரே பிரதியாக இருந்தது திரும்பி வராது.

படம் எடுக்கும் தங்கைகளுக்குச் சில குறிப்புகள். லாகுகலை மகுல் மகா விகாரையின் சந்திரவட்டக்கல்லில் யானைகளின் மேல் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். உச்சி வெயிலில் அந்தச் செதுக்கல் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். பொலன்னறுவைக் கல்விகாரையில் சாய்ந்திருக்கும் சிலை 46 அடி நீளம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அந்த அளவு விளங்கும். ஆனால் சிலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். வணங்குகிறவர்களின் மனம் நோகும். சீகிரியா ஓவியங்களைப் படம் எடுக்கத் தடை, அதை மதியுங்கள். முதலில் இடம் முழுவதும் தெரிய ஒரு படம், பிறகு கிட்டப் போய் ஒன்று.

இடிபாடுகள் மட்டுமல்ல, இறக்காமம் குளத்தில் தோணி வலிப்பவரும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும், உம்மம்மாவின் பழைய வீட்டுத் திண்ணையும் பதிவாக வேண்டியவையே.

கொழும்பிலும் லண்டனிலும் கட்டாரிலும் இருக்கும் சகோதரிகளே, பழைய படம் ஒன்று கையில் இருந்தால் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக ஒரு வரி எழுதுங்கள்: எந்த இடம், எந்த ஆண்டு, நிற்பவர் யார் யார். பிறகு அதன் பிரதியொன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லக்கூடிய ராத்தாமார் நம்மோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவோம்.