அரைப்பேர் போடுங்கள்

முன்வரிசையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் தாய்மார்களே, பின்னால் கதவோரம் நின்று "இவர் எப்ப முடிப்பார்" என்று மணி பார்க்கிற தம்பிமார்களே!

தம்பி, இந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. எனக்கு முன்னால் பேசியவர் பெரிய மனுசர். உயரத்தைச் சொன்னேன்.

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு இது: வானொலியில் இழிவாகப் பேசின அறிவிப்பாளரை வேலையை விட்டுத் தூக்கலாமா, கூடாதா? நான் பேசுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். தூக்கணும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்க. அடேயப்பா! ராகலைக் குளிரிலே இத்தனை கை கம்பளியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்கிறவர்கள்? ஒரே ஒருத்தர். அண்ணே, நீங்க ரேடியோவிலயா வேலை பார்க்கிறீங்க? இல்லையா? சரி, இறக்குங்க. கடைசியில் இன்னொரு தடவை கேட்பேன்.

ரேடியோ என்றால் எனக்கு ஒரு மனுசன்தான் ஞாபகத்துக்கு வருவார். பேரைச் சொல்ல மாட்டேன். அவருடைய சொந்தக்காரர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. லயத்துக்கே ஒரு ரேடியோ, அது அவருடைய ரேடியோ. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கவும் லைசன்ஸ் எடுக்கணும். அந்தக் காசையும் அவர் கட்டிவிட்டு, ரேடியோவை வெளிப்பக்கம் பார்த்து ஜன்னலில் வைப்பார். தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் வைத்ததே இல்லை. மலையிலிருந்து இறங்கி, கூடையைக் கழற்றி, படங்கை உதறிக் காயப்போட்டுவிட்டு ஸ்தோப்பில் உட்கார்ந்தால், இலங்கை வானொலி வரும். மயில்வாகனனார் குரல், ராஜேஸ்வரி சண்முகம் அம்மாவின் குரல், அப்துல் ஹமீதின் சுத்தமான தமிழ், பின்னாளில் கே. எஸ். ராஜாவின் அந்த வேகம்! கடல் தாண்டித் தமிழ்நாட்டிலேயே வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள் என்றால், நம்ம லயத்தில் கேட்பதற்குச் சொல்லவா வேண்டும்?

அந்த மனுசனுக்குப் பாட்டு முக்கியமில்லை. பேர்தான் முக்கியம். பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம் எல்லாவற்றுக்கும் போஸ்ட் கார்ட் போடுவார். எழுதுவது நான், சொல்வது அவர். தோட்டத்தின் பேர், டிவிசனின் பேர், பிறகு வரிசையாக லயத்துப் பிள்ளைகளின் பேர். ஒரு நாள் கொழும்பிலிருந்து அந்தக் குரல் அத்தனை பேரையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி, மரியாதையாக வாசித்தது. மனுசன் எழுந்து நின்றுவிட்டார். ஏன் அண்ணே எழும்பிட்டீங்க என்று கேட்டேன். "பேரைச் சொல்றாங்கடா" என்றார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவரிடம் நான் திரும்பி வருவேன்.

மலேசியாவுக்குப் போவோம். அங்கே இருக்கிறவர்களும் நம்ம ஆட்கள்தான். ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு, அண்ணன் இந்தப் பக்கம் தேயிலைக்கு, தம்பி அந்தப் பக்கம் ரப்பருக்குப் போன குடும்பங்கள் எத்தனை! 2025 மார்ச் மாதம், தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எரா எஃப்.எம். என்று ஒரு மலாய் மொழி வானொலி. அதன் அறிவிப்பாளர்கள் மூன்று பேர். ஒருத்தர் "வேல் வேல்" என்று கத்திக்கொண்டு காவடியாட்டத்தைக் கேலியாக ஆடுகிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் விட்டார்கள். காவடி எடுக்கிறவன் எத்தனை நாள் விரதம் இருந்தான், யாருக்காக நேர்ந்துகொண்டான் என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அந்தக் கால் ஆடியிருக்குமா?

மலேசியத் தமிழன் கொதித்தான். நிறுவனம் காணொளியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது, மூன்று பேரையும் மைக் பக்கம் வராமல் நிறுத்தியது. அரசாங்கத்தின் ஆணையம் முதலில் உரிமத்தையே நிறுத்தப் போவதாகச் சொன்னது, பிறகு இரண்டரை லட்சம் ரிங்கிட் தண்டம் போட்டது. நம்ம காசில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். நம்ம காசு இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை.

கைதட்டுறீங்க. அது மலேசியா. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அப்போதும் தட்டுவீர்களா பார்ப்போம்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிற பிள்ளை, என் தங்கச்சி மகள். ஒரு வானொலிக்குப் போன் எடுத்தாள். எந்த வானொலி என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஒரு பாட்டுக் கேட்கத்தான் எடுத்தாள். வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இங்கே என் தங்கச்சி, ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு ஓடிப்போய், "எம் மக ரேடியோவுல பேசப் போறா" என்று பக்கத்துக் காம்பராக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். அறிவிப்பாளர் கேட்கிறார், எங்கேயிருந்து? ராகலைங்க. ராகலை டவுனா? இல்லைங்க, தோட்டம். அவ்வளவுதான். குரலை மாற்றினார் ஐயா! நம்ம பேச்சை இழுத்து இழுத்துப் பேசி, "கொழுந்து நிறுத்தாச்சுங்களா? அட்டை கடிச்சிருச்சுங்களா?" என்றார். பக்கத்தில் இன்னொருத்தர் சிரிக்கிறார். கடைசியில் அந்த வார்த்தையும் வந்தது. உங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான், இந்த மேடையில் என் வாயால் சொல்ல மாட்டேன். பிறகு பாட்டு ஓடியது. யாரும் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழும்பிப் போனார்கள். என் தங்கச்சி கையில் இருந்த மாவு காய்ந்துபோனது.

இப்போது தட்டுங்களேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கண்டனக் கூட்டம் நடந்தது. யார் நடத்தியது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்கு இலவச விளம்பரம். "அந்த அறிவிப்பாளரை உடனே பணிநீக்கம் செய்!" என்று தீர்மானம். போட்டோ, முகநூல், பத்திரிகை, எல்லாம் ஆயிற்று. சரி, நல்ல காரியம் என்று நானும் நினைத்தேன். நாலு மாதம் கழித்து அவர்களுடைய விழா. நிகழ்ச்சித் தொகுப்பாளர் யார்? அவரேதான்! காரில் கூட்டிக்கொண்டு வந்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். தீர்மானத்தை வாசித்த அதே கை போர்த்தியது ஐயா! சிரிக்காதீங்க, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இங்கே வந்திருக்கிறார். குளிர் ஊருக்குப் போர்வை நல்லதுதான். ஆனால் நம்ம மலையகத்தில் இதுவரை போர்த்தின பொன்னாடையை எல்லாம் அவிழ்த்துத் தைத்தால், ராகலையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் ஜன்னல் துணி போடலாம்.

தேர்தல் மேடையில் இதைவிடக் கேவலமாகப் பேசுகிறவர்களை என்ன செய்கிறோம்? அவர்களையும் தூக்குகிறோம். ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை, தோளில்!

எங்கே விட்டேன்? ஆமாம், தூக்குவது.

அமெரிக்காவில் தூக்கினார்கள். டொன் ஐமஸ் என்று ஒரு பிரபலமான வானொலிக்காரர். 2007 ஏப்ரலில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துப் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணி நாட்டின் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றது. பத்துப் பிள்ளைகள், எட்டுப் பேர் கறுப்பினத்தவர். மறுநாள் காலை இவர் மைக்கில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளின் தலைமயிரையும் ஒழுக்கத்தையும் சேர்த்து மூன்றே வார்த்தையில் கேவலப்படுத்தினார். நிறுவனம் முதலில் என்ன செய்தது? இரண்டு வாரம் நிறுத்தம் என்றது. பிறகு சவர்க்காரக் கம்பனியும் கார்க் கம்பனியும் விளம்பரத்தை இழுத்துக்கொண்டன. ஏப்ரல் 12ஆம் திகதி வேலை போயிற்று. மனச்சாட்சி எட்டு நாள் தூங்கியது, காசு குறைந்ததும் விழித்துக்கொண்டது. அந்த வருசம் டிசம்பரிலேயே வேறொரு வானொலியில் திரும்பவும் மைக் பிடித்துவிட்டார். இதுதான் பணிநீக்கத்தின் லட்சணம். இந்தக் கதவால் போனவர் அடுத்த கதவால் வருவார், அவரைப் பேச வைத்துச் சம்பாதித்த முதலாளி கையைக் கழுவிக்கொள்வார்.

ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு இடம் இருக்கிறது. வேலை போன அன்று இரவு அந்தப் பிள்ளைகளும் அவரும் ஒரே அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். பெற்றோரும் இருந்தார்கள். தன் வாயால் யாரைச் சொன்னாரோ அந்த முகங்களை அவர் பார்க்க வேண்டி வந்தது. பிள்ளைகள் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது அந்த ரேடியோ மனுசனிடம் வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு நாள் காலை, பிரட்டுக்களம், பனி. தொரை வந்தார். எந்தத் தொரை, எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். "ஏய், கூலி!" என்று இவரைப் பார்த்துக் கூப்பிட்டார். இவர் சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எம் பேரு செக்ரோல்ல இருக்குங்க தொரே, வாசிச்சுப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் பத்துச்சீட்டு. தலைவர் ஓடினார், சங்கம் கடிதம் எழுதியது, ஒன்றும் நடக்கவில்லை. 1964இல் நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று நம்மைக் கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். கூலி என்று சொன்னவருக்கு வேலை இருந்தது. பேரைச் சொல்லச் சொன்னவருக்கு வேலை போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், தாய்மார்களே, ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்கு என்று சொல்லும்போது மற்றவர்களுக்கு வராத கூச்சம் நமக்கு வரவேண்டும். பத்துச்சீட்டு வாங்கின வீட்டில் அன்றைக்கு ராத்திரி எப்படி விடியும் என்று பார்த்தவர்கள் நாம்.

அப்படியென்றால் சும்மா விடுவதா? விட மாட்டேன்! நம்ம பெண்களிடம் நாலு கிலோ கொழுந்து குறைந்தால் தோட்டம் என்ன செய்கிறது? அரைப்பேர் போடுகிறது. பாதிச் சம்பளம். நாலு கிலோ இலை குறைந்ததற்கே அரைப்பேர் என்றால், ஒரு பிள்ளையின் மரியாதையைக் குறைத்ததற்கு என்ன போடுவது? போடுங்கள் அரைப்பேர் அறிவிப்பாளருக்கு! முதல் தடவையா? அதே மைக்கில், அதே நேரத்தில், அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். முகநூலில் நாலு வரி எழுதுவது மன்னிப்பில்லை. பிறகு இங்கே வரட்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு நாள் நிற்கட்டும். அட்டை கடிக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். என் தங்கச்சி ரொட்டி சுட்டுக் கொடுப்பாள், அது வேறு விஷயம்.

திரும்பத் திரும்ப இதையே தொழிலாக வைத்திருப்பவரா? அவருக்கு மைக் வேண்டாம். ஆனால் அவர் மட்டும் போகக்கூடாது, சம்பளம் கொடுத்துச் சிரிக்கச் சொன்னவரும் பதில் சொல்ல வேண்டும். 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி மனிதர்களைக் கரப்பான் பூச்சி, கரப்பான் பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நூறு நாளில் எட்டு லட்சம் உயிர். 2003இல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்த வானொலியைத் தொடங்கி வைத்தவர்களையே குற்றவாளி என்றது. கேலி எங்கே போய் முடியும் என்று 83 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். பொலிசைக் கூப்பிடாதீர்கள். 2023இல் நடாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர் மேடையில் பேசியதற்காக ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். இன்றைக்கு அவருக்குப் போட்ட விலங்கு நாளைக்கு இந்த மேடைக்கும் வரும். எனக்குக் கை மெலிந்து போயிற்று, விலங்கு நிற்காது.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்கிறீர்களா? வானலை பொதுச் சொத்து என்று நம்ம உயர் நீதிமன்றம் 1997இலேயே சொல்லிவிட்டது. அதற்கு முன்னாலேயே, வானொலியில் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நேயர் அதே நீதிமன்றத்துக்குப் போனார். நிகழ்ச்சி நடத்தினவர் இல்லை, கேட்டுக்கொண்டும் போன் எடுத்துக்கொண்டும் இருந்த ஒரு நேயர். அவர் வென்றார்! போன் எடுத்துக் கலந்துகொள்கிற நேயருக்கும் உரிமை உண்டு. என் தங்கச்சி மகளுக்கும் உண்டு.

கடைசி பஸ் போய்விடும் என்று தம்பிமார் சைகை காட்டுகிறார்கள். முடிக்கிறேன். கை தூக்கச் சொன்னேனே, திரும்பக் கேட்கிறேன் என்றேனே. கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை. நாளைக்குக் காலையில் ஒவ்வொருத்தரும் என் தங்கச்சி மகள் பேசின வானொலிக்கு ஒரு போன் எடுங்கள். திட்ட வேண்டாம், பாட்டும் கேட்க வேண்டாம். உங்கள் முழுப்பேரையும், தோட்டத்தின் பேரையும், டிவிசனின் பேரையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "இதைத் திருப்பி ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

அறிவிப்பாளர் சொல்லும்போது வீட்டில் எழுந்து நில்லுங்கள்.